நூலகத்தில் நகல் எடுப்பது குற்றமா? டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கு சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் கல்விக்கூட வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாபி சர்வீசஸ் என்று ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, ஒரே கட்டாகக் கட்டி மாணவர்களுக்கு விற்பது அந்தக் கடையின் வழக்கமான வேலை. அந்தக் கட்டுக்கு 'கோர்ஸ் பேக்' என்று பெயர். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும் சேர்ந்து, அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. கோர்ஸ் பேக் விற்பனை நின்றது.

நம் ஊர் நூலகர்களும் ஆசிரியர்களும் பதிப்புரிமை பற்றிப் பேசும்போது இந்த வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1957இல் இயற்றப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஒரு வரிக்கு என்ன பொருள் என்று ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து விரிவாக யோசித்தது இந்த வழக்கில்தான். அதைப் படிக்காமல், புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'இந்நூலின் எந்தப் பகுதியையும் எந்த வடிவிலும் மறுபிரதி செய்யக் கூடாது' என்ற அறிவிப்பையே சட்டம் என்று நம்பிப் பயந்துகொண்டிருக்கிறோம். அந்த அறிவிப்பு பதிப்பாளரின் விருப்பம். சட்டம் ஒன்றை அனுமதித்திருந்தால், அந்த இரண்டு வரியால் அந்த அனுமதி பறிபோய்விடாது.

(ஒரு சொல் விஷயம். பத்திரிகைகளில் இதைக் 'காப்புரிமை' என்று எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காப்புரிமை என்பது இப்போது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட்டைக் குறிக்கப் பரவலாகப் பயன்படுகிறது. எழுத்து, இசை, ஓவியம், சினிமா எல்லாம் பதிப்புரிமையில் வரும்.)

சரி, அந்த வரி என்ன? சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுபிரதி செய்வது மீறல் அல்ல. தேர்வு வினாத்தாளில் சேர்ப்பதும் விடைத்தாளில் எழுதுவதும் அப்படியே. எத்தனை பக்கம், எத்தனை சதவீதம், எத்தனை பிரதி என்று அதில் ஒரு எண்கூடக் கிடையாது.

பதிப்பகங்கள் இந்த வரியைக் குறுக்கிப் படித்தன. கற்பித்தல் என்றால் வகுப்பறைக்குள் பாடம் நடத்தும் நேரம் மட்டும். ஆசிரியர் என்றால் தனி மனிதர், பல்கலைக்கழகம் அல்ல. நடுவில் காசு வாங்கும் கடைக்காரர் வந்துவிட்டால் விலக்கு கிடையாது. நகலெடுக்க வேண்டுமென்றால் பதிப்பாளர்கள் சார்பில் உரிமம் வழங்கும் அமைப்பிடம் பல்கலைக்கழகம் பணம் கட்டி உரிமம் வாங்கட்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. மாணவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வழக்கு வேண்டாம் என்று 300க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் பதிப்பகங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வழக்கில் குறிப்பிடப்பட்டிருந்த நூல்களை எழுதியவர்களே அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். யாருடைய உரிமையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வழக்குப் போட்டார்களோ, அவர்களில் பலரே 'எங்கள் பெயரால் இதைச் செய்யாதீர்கள்' என்ற பக்கம் நின்றார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பில் தம்முடைய மாணவப் பருவத்தையே அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். 1980களின் தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்தில் அவர் சட்டம் படித்தபோது நகல் எடுக்கும் வசதி குறைவு, செலவும் அதிகம். மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்து, அத்தியாயம் அத்தியாயமாகக் கையால் எழுதி எடுத்தார்கள். அதைத் தவறு என்று யாரும் சொன்னதில்லை. கையால் எழுதியபோது குற்றமாகாத ஒன்று, இயந்திரம் வந்து வேலை சுலபமானதும் குற்றமாகிவிடுமா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். பதிப்புரிமை என்பது இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த முழு உடைமை அல்ல, மக்களின் அறிவு வளர வேண்டும் என்ற நோக்கத்தில் சட்டம் உண்டாக்கிக் கொடுத்த உரிமை என்றும் அதில் சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்ப்பை நூலக அறிவியல் மாணவர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இது கொஞ்சம் நிதானமான தீர்ப்பு. கற்பித்தலின் போக்கு என்பது வகுப்பறை நேரத்தோடு முடிவதில்லை. விலக்கை எண்ணிக்கை கட்டுப்படுத்துவதில்லை. நகலெடுக்கும் வேலையைக் கடைக்காரர் செய்துகொடுப்பதால் விலக்கு போய்விடாது. இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட அமர்வு, ஒரு நிபந்தனையையும் அந்த வரிக்குள்ளேயே படித்தது: எடுத்த அளவு, கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். அப்படித் தேவைப்பட்டதா, முழுப் புத்தகத்தையே நகலெடுத்தது சரியா என்று சாட்சிகளை வைத்து விசாரிக்கட்டும் என்று வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. தடை எதுவும் விதிக்கவில்லை; விநியோகித்த கட்டுகளுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னதோடு சரி. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. உரிமம் வழங்கும் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. அங்கும் மே மாதம் மனு தள்ளுபடியானது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த விசாரணை நடக்கவே இல்லை என்பது. 'எவ்வளவு எடுத்தால் தேவைக்கு மேல்?' என்ற கேள்விக்கு இந்த வழக்கில் விடை கிடைக்கவில்லை. நோக்கத்தை வைத்து அளக்க வேண்டும் என்ற அளவுகோல் மட்டும் கிடைத்திருக்கிறது.

அதனால்தான் சில நூலகங்களின் சுவரில் ஒட்டியிருக்கும் 'பத்து சதவீதம் மட்டும்' போன்ற அறிவிப்புகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆசிரியர் விலக்கில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. இந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நூலகங்களின் வழிகாட்டிகளிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு 'நியாயமான பயன்பாடு' என்ற பொதுக்கதவைத் திறந்து வைக்கிறது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு என நான்கையும் சேர்த்து எடைபோட்டு நீதிமன்றம் முடிவு சொல்லும். இந்தியாவில் அமைப்பே வேறு. இங்கே 'நியாயமான கையாளுகை' என்பது மூன்று காரியங்களுக்கு மட்டும்: சொந்தப் பயன்பாடு (ஆராய்ச்சி இதில் அடங்கும்), விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி. மற்றதெல்லாம் தனித்தனி விலக்குகள், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிபந்தனையோடு. உங்கள் காரியம் எந்த விலக்கில் உட்காருகிறது என்று முதலில் தேட வேண்டும். எதிலும் உட்காரவில்லை என்றால், 'நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்' என்பது உதவாது. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

பாக் நீரிணையைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அமெரிக்கப் பாணியில் நான்கு காரணிகளையும் 'நியாயமான பயன்பாடு' என்ற பொதுக்கதவையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே பதிப்புரிமைக் காலமும் நூலாசிரியர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60. ஆகவே யாழ்ப்பாணத்து நூலகர் சென்னையில் எழுதிய வழிகாட்டியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. சென்னைக்காரர் அமெரிக்க வழிகாட்டியை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதும் அதே தவறுதான்.

ஆசிரியர்களுக்கு நம் சட்டம் தந்திருக்கும் இடம் வேறு சிலவற்றிலும் தாராளம். கல்லூரி விழாவில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு நாடகத்தை நடிக்கலாம், பாட்டுப் பாடலாம், வகுப்பில் திரைப்படம் போட்டுக் காட்டலாம். பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டினால் விலக்கு போய்விடும். அந்த விழாவை யூடியூபில் நேரலையாக விட்டாலும் பார்வையாளர் வட்டம் உடைந்துபோகிறது. இதைப் பல பள்ளிகள் கவனிப்பதில்லை.

பாடநூல் தொகுப்பு வெளியிடுவது வேறு விஷயம். பெரும்பாலும் உரிமை முடிந்த படைப்புகளைக் கொண்ட கல்வித் தொகுப்பில், உரிமையுள்ள படைப்புகளிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஒரே நூலாசிரியரின் படைப்புகளிலிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. கோர்ஸ் பேக்கையும் இந்தச் சிமிழுக்குள் அடைக்கத்தான் பதிப்பகங்கள் டெல்லியில் முயன்றன. ஆசிரியரின் மறுபிரதிக்கும் பதிப்பாளரின் வெளியீட்டுக்கும் சட்டம் தனித்தனி விதி வைத்திருக்கிறது என்பதால் அது எடுபடவில்லை.

இனி நூலகர் பக்கம் வருவோம். என் ஆதங்கம் இங்கேதான்.

நூலகம் புத்தகம் இரவல் தருவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒருமுறை விற்பனையாகிப் புழக்கத்துக்கு வந்த பிரதியின் மீது பதிப்பாளருக்கு அந்தப் பிடி கிடையாது. ஆனால் நூலகம் தனக்காக நகலெடுக்க வேண்டுமென்றால் சட்டம் கையைச் சுருக்கிக்கொள்கிறது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகமாக இருந்தால் மட்டும், லாப நோக்கமில்லாத பொது நூலகத்தின் பொறுப்பாளர் அதிகபட்சம் மூன்று பிரதி எடுக்கலாம். 2012 திருத்தத்தில் இன்னொன்று சேர்ந்தது: நூலகத்தில் ஏற்கெனவே அச்சுப் பிரதி இருந்தால், பாதுகாப்பதற்காக அதை மின்வடிவில் சேமித்து வைக்கலாம். கவனியுங்கள், சேமிக்கலாம். அதை இணையத்தில் ஏற்றி எல்லோருக்கும் காட்டலாம் என்று அந்த வரி சொல்லவில்லை. 'பொது நூலகம்' என்ற சொல்லுக்குள் தனியார் கல்லூரி நூலகம் வருமா என்பதையும் விளக்கவில்லை.

ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். வகுப்புக்குத் தேவை என்றால் பேராசிரியர் ஓர் அத்தியாயத்தை அறுபது மாணவருக்கு அறுபது பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அந்தப் புத்தகத்தைச் செல்லரிக்காமல் முப்பது ஆண்டு காப்பாற்றிய நூலகர், கடையில் கிடைக்காத அதே புத்தகத்துக்கு மூன்று பிரதியோடு நிற்க வேண்டும். 1950களில் எழுதும்போது மூன்று பிரதி என்பது பெரிய சலுகையாக இருந்திருக்கும். இன்று தமிழில் மறுபதிப்பே காணாத நூல்கள் எத்தனை! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் இல்லாத சுவடிகளும் நூல்களும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்பதைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பாதுகாப்புக்காக எடுக்கும் நகலுக்கு எண்ணிக்கை வரம்பு வைப்பதையும், விற்பனையில் இல்லாத நூலின் மின்வடிவை நூலக வாசகர்கூடப் படிக்கலாமா என்பதைச் சொல்லாமல் விடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த திருத்தத்தில் மாற்றக் கேட்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

அதுவரை நூலகருக்குக் கைகொடுப்பது வருடக் கணக்கு. நூலாசிரியர் இறந்த ஆண்டை விட்டுவிட்டு, அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு எண்ண வேண்டும். புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். 2008 முடிந்ததும் சாதாரணக் கணக்குப்படியே அவர் எழுத்து பொதுச்சொத்து. கல்கி இறந்தது 1954. 2014 முடிய உரிமை இருந்திருக்கும். ஆனால் இவர்கள் இருவர் விஷயத்தில் அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தமிழக அரசு அதற்கு முன்பே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து, படைப்புகளை மக்களுக்குப் பொதுவாக்கும் இந்த வழக்கம் பாரதியிலிருந்து தொடங்குகிறது. பாரதி எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கியது, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதனால் நம் நூலகர் பார்க்க வேண்டிய பட்டியல்கள் இரண்டு: இறந்த ஆண்டு, நாட்டுடைமைப் பட்டியல். தி. ஜானகிராமன் மறைந்தது 1982. சாதாரணக் கணக்குப்படி 2042 முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஜெயகாந்தனுக்கு 2075.

தமிழ்ப் புத்தகங்களில் இந்தக் கணக்கு ஒரே எண்ணோடு முடியாது. குறளுக்கு உரிமை கோர யாரும் இல்லை. பரிமேலழகர் உரைக்கும் இல்லை. நேற்று வந்த உரைக்கு உண்டு. சங்கப் பாட்டு பொது. அதற்கு இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. தொடர்கதை பொதுவாகிவிட்டாலும் அதற்கு வரைந்த ஓவியங்களுக்கு ஓவியர் இறந்த ஆண்டை வைத்துத் தனியாக எண்ண வேண்டும். பழைய பத்திரிகை என்றால் இன்னும் சிக்கல்: புனைபெயரில் வந்த எழுத்துக்கு, எழுதியவர் யாரென்று வெளிவராதவரை, வெளியான ஆண்டிலிருந்து 60. யாரென்று அதற்குள் தெரிந்துவிட்டால் அவர் ஆயுளோடு 60. அரசு வெளியீடுகளுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60தான் என்பதால், பழைய மாவட்டக் கையேடுகள், அறிக்கைகள் எல்லாம் தைரியமாக மின்வடிவாக்கலாம்.

வாரிசு யாரென்றே தெரியாத நூல்கள்தான் பெரிய தலைவலி. அவற்றை வெளியிட 31ஏ பிரிவு வழி சொல்கிறது: நாளிதழில் விளம்பரம் கொடுத்து, பிறகு நீதிமன்றத்தை அணுகி, உரிமத் தொகை கட்டி அனுமதி பெற வேண்டும். ஒரு நூலுக்கு இது சரி. அலமாரி அலமாரியாக அப்படிப்பட்ட நூல்களை வைத்திருக்கும் சிற்றூர் நூலகத்துக்கு இதனால் என்ன பயன்?

சட்டம் மனம் திறந்து கொடுத்த ஓர் இடமும் உண்டு. பார்வைக் குறைபாடோ வேறு மாற்றுத்திறனோ உள்ளவருக்காக, அவர் படிக்கக்கூடிய வடிவில் எந்தப் படைப்பையும் மாற்றிக் கொடுக்கலாம். பிரெய்லாக இருக்கலாம், ஒலிப்புத்தகமாக இருக்கலாம், திரைவாசிப்பான் படிக்கும் கோப்பாகவும் இருக்கலாம். அமைப்புகள் தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம், லாபம் கூடாது. பிரதி அவர்களைத் தாண்டி வணிகத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2012இல் இதைச் சட்டத்தில் சேர்த்த இந்தியா, இதே நோக்கத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் உலகிலேயே முதல் நாடாக ஏற்புறுதி செய்தது. 'ஸ்கேன் செய்து தர முடியாது, காப்பிரைட் பிரச்சினை' என்று பார்வையற்ற மாணவரிடம் எந்த நூலகராவது சொன்னால், அது சட்டம் தெரியாமல் சொன்னது. அந்த மாணவருக்கு அதில் ஒரு பருவத் தேர்வே போய்விடலாம்.

கடைசியாக, வாட்ஸ்அப் குழுவில் வரும் பிடிஎஃப். ஆசிரியர் தம் வகுப்புக் குழுவில் பாடத்துக்கான ஓர் அத்தியாயத்தைப் போடுவது, டெல்லித் தீர்ப்பு சொன்ன கற்பித்தல் போக்கின் உணர்வுக்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து. முழு நாவலை, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய டெலிகிராம் சேனலில் ஏற்றுவது அதற்குள் வராது. அங்கே மாணவரும் இல்லை, பாடமும் இல்லை. தமிழில் பல நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. ஐம்பது பிரதி விற்காமல் போனாலே சிறு பதிப்பாளருக்கு அடுத்த புத்தகத்துக்கான காசு இல்லாமல் போகும். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் எதிராக நின்று வாங்கிய நியாயத்தை, நம் எழுத்தாளர்களின் வயிற்றில் அடிப்பதற்கு நியாயமாகக் காட்டக் கூடாது.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எழுத்தாளரோ அவர் பிள்ளைகளோ பெரும்பாலும் ஒரு போன் தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஓலைச்சுவடி காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுவரை தமிழ் நூல்களை இணையத்துக்குக் கொண்டுவந்த மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தன்னார்வலர்களால் தொடங்கியது. ஈழத்து நூல்களுக்காக நூலகம் என்ற மின்நூலகம் 2005இல் வந்தது. நாட்டுடைமையான நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலேயே படிக்கலாம். தேடும் நூல் இவற்றில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உரிமையாளரைக் கேளுங்கள். 'இந்நூலை மின்வடிவாக்கி உங்கள் நூலக வாசகர்களுக்குத் தரச் சம்மதம்' என்று தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு கடிதம் போதும். வாங்கிய கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடாமல், நூலின் சேர்க்கைப் பதிவேட்டில் எண் குறித்துக் கோப்பில் வையுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு வரும் நூலகருக்கும் அது கிடைக்க வேண்டும்.